வசம்பும் நீல உல்லனும்

1969 பிப்ரவரி 9, ஞாயிறு

ரேடியோவுக்கு உறை பின்னி முடித்தாயிற்று. மஞ்சள் உல்லன், ஓரத்தில் பச்சைப் பூ. மாட்டிவிட்டு இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரேடியோவுக்கு ஜுரமா?" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தறிச் சத்தம்தான். நெல் மண்டிக்காரர் வீடான எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு ஊசி இடித்துக்கொள்ளும் சத்தம். எதிர்வீட்டு வடிவாம்பாள் நாள் முழுக்கப் பட்டு நூல் சுற்றுகிறவள். அவளுக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு. "இன்னா மனோ, இந்த ஊர் வெயில்ல கம்பளி நூலைக் கட்டிக்கினு அழுவுற? ஒரு நாளைக்கு நயினாரு அசந்து தூங்கச்சே அவரையும் சேத்துப் பின்னிடப் போற" என்றாள் இன்று. நயினார் என்றால் எங்கள் வீட்டுக்காரர்; ஜைனர் வீட்டு ஆண்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அளவு தெரியும், பின்னிவிடலாம்தான்.

பிப்ரவரி 14

ஜீவந்தரன் கடிதம் போட்டிருக்கிறான்! அக்கா பிள்ளை. நாகபுரியிலிருந்து, இங்கிலீஷில். சிம்லாவில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சேருவதற்கு முன் மே மாதம் மெட்ராஸில் பயிற்சி. ஒரு நாள் காஞ்சிபுரம் வந்து எங்களைப் பார்க்க விரும்புகிறானாம்.

கைக்குழந்தையாக அக்கா தூக்கிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அவன் நாலு வயதாக இருக்கும்போது அக்கா டைபாய்டில் போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். தப்பில்லை, குழந்தையை யார் பார்ப்பது? ஆனால் அதோடு போக்குவரத்து நின்று, தீபாவளிக்கு ஒரு கார்டு என்றாகிவிட்டது. எங்களுக்கும் பிள்ளை இல்லை. அம்மா அப்பாவுக்குப் பேரன் என்றால் அவன் ஒருவன்தான், அவனோ எங்களுக்கு யாரோ.

அவனிடம் அவன் அம்மாவின் பொருள் என்று ஒரு துரும்பு கூட இல்லை என்று கேள்வி. என்னிடம் ஒன்று இருக்கிறது. அதை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் அவன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி— என்ன சரி? வர வேண்டும்.

பிப்ரவரி 16

பெட்டியைத் திறந்தேன். திறந்திருக்கவே வேண்டாம்.

முதலில் அந்த ஸ்வெட்டரைப் பற்றி முழுசாக எழுதிவிடுகிறேன். அடர்ந்த நீலம். முழுக்கை. முன்னால் ஏழு பொத்தான், அதில் ஒன்று மட்டும் வேறு ஜாதி. அக்கா கடைசியாக இங்கே வந்தபோது, "இந்த ஊர்ல இதை எவ போடுவா? இங்கியே இருக்கட்டும், அடுத்த தடவ எடுத்துக்கிறேன்" என்று என் பெட்டியில் போட்டாள்.

குன்னூரில் பின்னியது அது. அப்பா அங்கே தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதினார். எங்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தது போஸ்ட் மாஸ்டர் சாமுவேலின் மனைவி. ஊசி வாங்கித் தர மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட, மதனவதி அக்கா அவருடைய உடைந்த குடையிலிருந்து கம்பியைக் கழற்றி, அம்மிக்கல்லில் தீட்டி ஊசி செய்தாள். இன்றைக்கும் நான் பின்னுவது அந்தக் கம்பியில்தான். பனி இறங்கினால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது, அவள் அப்படியே நடந்துகொண்டு பின்னுவாள். எப்போதும் உதடு அசையும், கண்ணி எண்ணுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு விடாம மந்திரம் சொல்லுதே" என்று மெச்சி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓட வேண்டியிருந்தது.

அந்த ஸ்வெட்டரில் பூச்சி வைத்துவிட்டது.

வருஷா வருஷம் ஆடியில் வெயில் காட்டி, காய்ந்த வேப்பிலையும் வசம்புப் பொடியும் போட்டுத்தான் வைக்கிறேன். போன மாதம் பெங்களூர்க்காரனிடம் வாங்கிய புது உல்லனை, ஆசையாக, அதன் மேலேயே வைத்தேன். அதோடு வந்த விருந்தாளிகள். மடிப்பைப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் புழு. முதுகுப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. ஐயோ, அக்கா.

பிப்ரவரி 17

கடைத்தெருவுக்குப் போய் அந்துருண்டை வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுக்குள் அது வருவது இதுதான் முதல் தடவை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவருக்கு வாசனை தெரிந்துவிட்டது. "எதுக்கு?" என்றார். சொன்னேன். "அதுங்களும் பசிக்குத்தான் தின்னுது, மனோன்மணி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "உங்க தர்மம் உங்க மண்டியோட இருக்கட்டும். எலி மூட்டை மூட்டையா நெல்லு தின்னா இன்னொரு மூட்டை வரும். எங்க அக்கா இன்னொரு தடவ வருவாளா?" என்று கத்தினேன். எதிர்வீட்டில் நூல் சுற்றும் சத்தம் நின்றுவிட்டது.

இவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் கால் கழுவப் போனார். திருப்பித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 18

உருண்டையைப் பொட்டலத்தோடு கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். போட முடியவில்லை. போடக்கூடாது என்று இவர் சொன்னதற்காக இல்லை. சர்க்கரையில் எறும்பு வந்தால் டப்பாவை வெயிலில் வைத்துவிட்டு, கடைசி எறும்பு போகிற வரைக்கும் காபி குடிக்காமல் காத்திருந்தவள் அக்கா. அவள் ஸ்வெட்டருக்காக ஒரு கொலையா?

மண்டிக்குப் போன மனிதர் பாதியில் திரும்பி வந்தார். கையில் மயில் இறகு. திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோயில் வரைக்கும் சைக்கிளில் போய் வாங்கி வந்தாராம். முற்றத்து வெளிச்சத்தில் ஸ்வெட்டரை மடியில் விரித்து, ஒவ்வொரு ஓட்டையாக, நோகாமல், இறகால் வருடி, புழுக்களை வாழை இலையில் தள்ளினார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு இல்லை என்பதால் நானே அதட்டித்தான் எழுப்பினேன்.

"இதுங்களை எங்க விடப் போறீங்க? கம்பளி இல்லாட்டி செத்துடாது?" என்று கேட்டேன். யோசித்தார். உள்ளே போய், மார்கழியில் தான் போர்த்துக்கொள்ளும் கறுப்புக் கம்பளியை எடுத்துவந்து, பின்கட்டுச் சுவர் ஓரமாக விரித்து, இலையை அதன்மேல் கவிழ்த்தார்.

"சாப்பாடு போட்டாச்சு" என்றார்.

இந்த மனிதரை நேற்று என்னவெல்லாம் சொன்னேன்!

பிப்ரவரி 23, ஞாயிறு

வடிவாம்பாள் வந்து ஸ்வெட்டரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சல்லடை. ஒட்டுப்போட்டு அடைக்கிற சேதம் இல்லை.

"பிரிச்சிடு மனோ" என்றாள்.

"அவ போட்ட பின்னலு அது. அதைப் பிரிச்சா அப்புறம் இன்னா இருக்குது?"

"நூலு இருக்குதே. எங்க தறியில அறுத்தா அறுத்ததுதான். உன் வேலைல பிரிச்சாலும் நூலு நூலாவே நிக்குது. எனக்கு அந்தக் கொடுப்பினை இருந்தா எத்தினி சேலையைத் திருத்தியிருப்பேன்?" சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் காபியை ஆற்றிக் குடித்தாள்.

யோசித்தால், முழுசாகவே இருந்திருந்தாலும் அக்கா உடம்புக்குப் பின்னியது ஒரு வளர்ந்த பையனுக்கு எப்படிச் சேரும்? பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதைத்தானே நான் இத்தனை வருஷமாகச் செய்கிறேன்.

மார்ச் 2

பிரிக்கத் தொடங்கினேன். கழுத்திலிருந்து. அவள் கை இறுக்கம், என் கை தளர்வு. இறுக்கம் பிரியும்போது சின்னதாக ஒரு சத்தம் வருகிறது. வரிசை வரிசையாக அவள் எந்தச் சாயங்காலத்தில் எதைப் போட்டாள் என்று எனக்குத் தெரியும் போல இருந்தது. இந்த வரிசை போடும்போது மழை. இந்த வரிசையில் என்னோடு சண்டை.

இடது தோளுக்குக் கீழே நூலோடு ஒரு முடி வந்தது. நீளமான முடி. நூலோடு சேர்த்தே பின்னியிருக்கிறாள், தெரியாமல்.

அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறென்ன செய்வது. இருபது வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்டீ, உனக்குத் தெரியலையே!

மார்ச் 5

பூச்சி கடித்த இடமெல்லாம் துண்டு துண்டு. வடிவாம்பாள், தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவைச் சேர்க்கிற மாதிரி சாம்பல் தொட்டு முனைகளை முறுக்கினாள். நன்றாகத்தான் சேர்ந்தது. ஆனால் நீலத்தில் ஊரெல்லாம் சாம்பல் திட்டு. "பட்டுக்கு வேலை செய்யுதும்மா, உன் ஆட்டு மயிருக்கு ஒத்துக்கல" என்றாள். கழுவலாம் என்று நனைத்தால், ஈரத்தில் முனைகள் தானாகவே பிடித்துக்கொண்டன. சாம்பலும் போயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

மார்ச் 6

சுருள் நீங்குவதற்காக நூல் கழிகளை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டு, கீழே உலக்கையைக் கட்டியிருக்கிறேன். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

ஏப்ரல் 2

பங்குனி உத்திரம். ஏகாம்பரநாதர் கோயில் கூட்டம் எங்கள் தெரு வரைக்கும். வடிவாம்பாள் கல்யாண உற்சவம் பார்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் கண்ணி எண்ணிக்கொண்டிருந்ததால் பேசவில்லை. "வாய்க்குள்ளயே முனகிக்கினு இருக்கிறியே, மந்திரமா?" என்றாள்.

எண்ணிக்கை போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து.

ஏப்ரல் 13

இடது பக்கம், நெஞ்சுக்கு நேராக வருகிற வரிசை. அந்த முடியை நூலோடு சேர்த்துப் பின்னிவிட்டேன். வெளியே தெரியாது.

ஏப்ரல் 20

கைக்கு நூல் பத்தாது. பூச்சி தின்ற கணக்கு அது. கையில்லாத ஸ்வெட்டர்தான். கழுத்துப் பட்டிக்கு என்னிடமிருந்த சாம்பல் நிறம்.

ஜீவந்தரனிடமிருந்து கார்டு. பயிற்சி நாள் குறைந்துவிட்டதாம், காஞ்சிபுரம் வர முடியுமா என்று நிச்சயம் இல்லையாம். மன்னிக்க வேண்டுமாம்.

என்னத்த மன்னிக்கிறது? நீ யாரு, நான் யாரு? தபால்ல அனுப்பிட்டா போச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கப் போறான். இவரிடம் சொன்னேன். "அனுப்பாத. வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். வராவிட்டால்?

மே 11

முடிந்தது. பொத்தான் இல்லாத ஸ்வெட்டர், அதனால் அந்த ஏழு பொத்தான்களும் டப்பாவில். ஸ்வெட்டரை வசம்பு போட்டு, தனியாக, வேறு எதோடும் சேர்க்காமல் வைத்தேன்.

மே 18, ஞாயிறு

வந்தான்!

தந்தி இல்லை, கார்டு இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில், நடுப்பகலில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து வாசலில் நிற்கிறான். ஒல்லியாக, உயரமாக, சட்டை முதுகோடு ஒட்டி. "மனோன்மணி ஆன்ட்டி வீடு?" என்றான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் அவள் வாய்.

தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. சாப்பாடு, ஊர், வேலை என்று பேச்சு அங்கங்கே நின்று போனது. சாயங்கால பஸ் பிடித்தாக வேண்டும் என்றான். இவர் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பொழுதோட சாப்பிடணும், இல்ல? அப்பா சொல்லியிருக்கார், அம்மா அப்படித்தான்னு" என்றான். சீக்கிரமே இலை போட்டேன். சாப்பிடும்போது பேசினான், அதுவரைக்கும் பேசாததையெல்லாம். அம்மாவின் முகம் நினைவில் இல்லையாம். போட்டோவில் இருப்பவள் வேறு யாரோ மாதிரி இருக்கிறாளாம்.

ஸ்வெட்டரைக் கொண்டு வந்து கொடுத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். குடைக்கம்பி, பெங்களூர் உல்லன், புழு, மயில் இறகு, வடிவாம்பாளின் சாம்பல். பின்கட்டில் இவருடைய கம்பளியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அது இப்போது வலை மாதிரி இருக்கிறது. தட்டியதும் இரண்டு மூன்று அந்துகள் எழும்பிப் பறந்தன. இவர் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியவர் மாதிரி அவை போகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் சிரித்தான். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி. அதுவும் அவள்தான்.

முடியைப் பற்றிக் கடைசியில் சொன்னேன். எங்கே என்று கேட்டான். அவன் கையைப் பிடித்து இடது பக்கம் வைத்துக் காட்டினேன். கையை எடுக்கவே இல்லை.

பிறகு, "நான் இப்ப போடலாமா?" என்றான்.

"இந்த வெயில்லயா? வேணாம்பா, மடிச்சுத் தரேன்."

கேட்கவில்லை. சட்டைமேல் போட்டுக்கொண்டான். பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. வடிவாம்பாள், "பைத்தியக்காரக் குடும்பம்மா இது" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டச் சொட்ட பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எங்களோடு நடந்து, அப்படியே பஸ் ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்தும் கழற்றவில்லை. பஸ் திரும்புகிற வரைக்கும் நீலம் தெரிந்தது.

மே 19

ரேடியோ உறையைக் கழற்றிவிட்டேன். பாவம், அதற்கும் வேர்க்கும்.

நவம்பர் 5, புதன்

சிம்லாவிலிருந்து கடிதம். முதல் தடவையாகத் தமிழில்! எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. யாரிடமோ கற்றுக்கொள்கிறானாம்.

'சின்னம்மாவுக்கு, இங்கே பனி வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா என் பெட்டியில் அந்துருண்டை போட்டார்கள். நான் எடுத்துவிட்டேன். வசம்பு இங்கே கிடைக்கவில்லை. அனுப்ப முடியுமா? கை குளிருகிறது. பொங்கலுக்கு லீவ் கேட்டிருக்கிறேன். வந்தால் ஸ்வெட்டருக்குக் கை வைத்துத் தருவீர்களா? எந்த நிறமானாலும் சரி.'

நவம்பர் 7

வசம்பு இடித்துச் சல்லாத் துணியில் முடிந்தேன். வேப்பிலையை நன்றாக உலர்த்திப் பையில் போட்டேன். பொட்டலத்தைத் தைப்பதற்கு முன் இவர் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிக் கொடுத்தபோது ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். மயில் இறகு.

"மடங்கிடும்" என்றேன்.

"மடங்காது. பெரிய பொட்டலமா கட்டு" என்றார்.

போஸ்ட் ஆபீஸ் போய்விட்டு, வரும் வழியில் கைக்கு நூல் வாங்கி வந்தேன். அதே நீலம் கிடைக்கவில்லை.