விமான நிலையம் சேராத கார்

அன்புள்ள பிலோமினா,

நான் சுகம். நீயும் மகள் அன்சிலாவும் புன்னைக்காயலில் சுகமாக இருக்க மாதா காக்கட்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

பயப்படாதே, எனக்கு அடி ஒன்றும் இல்லை. இங்கே பிரான்சில், மார்சேல் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் என் பழைய பிரெஞ்சு கார் நின்றுவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் போன மாதம்தான் ஆயில் மாற்றினேன். இன்ஜின் உறுமுகிறது, கியர் மட்டும் விழவில்லை. இழுத்துப்போக வண்டி வருவதற்குள் விமானம் போய்விட்டது. வேறு டிக்கெட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அன்சிலா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு நான் வர முடியாது.

சாலையோரம் நின்றபோது அவள் போன் செய்தாள்.

"எப்பா, பிளேன் ஏறிட்டியளா?"

"ஏறிட்டேன்ளா" என்றேன்.

கோவிலில் என் இடத்தில் உன் அண்ணன் நிற்கட்டும். பீரோவிலுள்ள என் வெள்ளைச் சட்டையை அவருக்குக் கொடு. என்னைக் கூப்பிட அவள் தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்குக் கிளம்புமுன் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

உன் அமலன்