வாக்குறுதி எழுதியவனுக்கு

இன்று காலை, நியூ டவுனில் என் ஜன்னலுக்குக் கீழே ஒரு தேர்தல் ஆட்டோ ஒலிபெருக்கியோடு போயிற்று. எந்தக் கட்சி என்று கவனிக்கவில்லை. வாக்கியங்கள் ஏறி இறங்கிய விதத்தில் உன் கை தெரிந்தது. நீ போன பிறகும் உன்னைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். காபி ஆறிப்போனது. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

வங்காளத்துக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளாக, கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தோம். நான் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். உனக்கு வங்காள மொழி நாவில் நின்றது. ஓர் அமைச்சருக்குப் பேச்சு எழுதப் போனாய். தொண்ணூறுகளின் பொதுக்கூட்டங்களில் கடைசி வரிசையில் நின்றுகொண்டு, கைதட்டல் எங்கே விழும் என்று என் காதில் முன்கூட்டியே சொல்வாய். தவறாமல் விழும்.

கால்வாய்க்கரைக் குடிசைக்காரர்களுக்கு அமைச்சர் கொடுத்த வாக்குறுதியையும் நீதான் எழுதினாய்: "மாற்று வீடு தராமல் ஒரு குடும்பத்தையும் வெளியேற்ற மாட்டோம்." அடுத்த குளிர்காலத்தில் புல்டோசர் வந்தது. வீடு வரவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாய். தகரக் குவியலுக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அந்த வரியை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதை எழுதினது நான்தான்" என்றாய் வங்காளத்தில். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அண்ணனை அழைப்பதுபோல 'தாதா' என்றுதான் அழைத்தாள்.

"அப்படியா தாதா? அப்போ நீங்களே சொல்லுங்க, நான் யாரைப் போய்க் கேக்கணும்?"

திரும்பும்போது லேக் கார்டன்ஸில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், "எனக்குத் தெரியலடா. இத்தனை வருஷம் உள்ள இருந்தும் தெரியல" என்றாய். அந்த வாரமே வேலையை விட்டாய்.

"பைத்தியமாடா உனக்கு? வீட்டை எப்படி ஓட்டுவ?" என்று கத்தினேன். உன் மனைவி தன் பள்ளிக்கூடச் சம்பளத்தில் ஓட்டினாள்.

அரசாங்கம் எப்படி நடக்கிறது, குடிமகன் யாரை எங்கே கேட்கலாம் என்று நீ எழுதிய புத்தகத்துக்கு வருஷங்கள் பிடித்தன. "ஓட்டுப் போடறது பாதி ஜனநாயகம்தான். போட்டப்புறம் கேக்கறது மீதி" என்பாய். அச்சாகி வந்ததும், கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைத் தேடிப் போனோம். கால்வாய்க்கரையில் பூங்கா இருந்தது. அவள் எங்கே என்று சொல்ல ஆளில்லை. படுக்கையில் விழும்வரை தேடினாய்.

உன் இரங்கல் கூட்டத்துக்கு அமைச்சரும் வந்தார். நல்ல பேச்சு; உன் இடத்துக்கு வந்தவர் எழுதியிருப்பார். "அவரது கனவுகள் நிறைவேற்றப்படும்" என்று முடித்தார். சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "எந்தக் கனவு சார்? யார் நிறைவேற்றுவார்கள்?" என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டேன். அரங்கமே திரும்பியது. வாழ்நாளெல்லாம் கோப்புகளுக்குப் பின்னால் இருந்தவன் நான். "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று நாலாபக்கமும் குரல். பக்கத்தில் இருந்த உன் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவளும் அதையேதான் சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"உக்காராதீங்கண்ணா" என்றாள்.

அமைச்சர் எல்லோருக்கும் கைகூப்பிவிட்டுக் காரேறினார். எனக்கோ அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. வார்டு அலுவலகத்தில் கேள்வியோடு என் தலை தெரிந்தாலே முகம் சுளிக்கிறார்கள். நாளையும் போகிறேன்.