மங்கலாய் ஒரு கொக்கு

சின்னக்குட்டிக்கு,

நீ சொன்னபடியே அப்பா விட்டுப்போன டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவோடு தினமும் ஏரிக்கரைக்குப் போகிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அதை இனிமேல் கேட்காதே.

காமிரா தானே ஃபோகஸ் செய்துகொள்ளப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடிக்கப் பழகிவிட்டேன். ஆனால் காமிராவின் பார்வைத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தால் கொக்கு பஞ்சுப்பொதி மாதிரி மங்கலாகத் தெரிகிறது. படமோ இறகு இறகாகத் தெளிவாக விழுகிறது. பழுதென்று கடைக்காரரிடம் காட்டினேன்.

"ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. துளைக்குப் பக்கத்துல இருக்கிற இந்தச் சின்னச் சக்கரத்தை, காமிராவை முன்னாடி வெச்சிருந்தவர் தன் பார்வைக்கு ஏத்த மாதிரி திருப்பியிருக்கார். உங்க கண்ணுக்கு மாத்திடட்டுமா?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். பாவம், மனிதர் மிரண்டுபோனார்.

கொக்குப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு இப்படித் தெரியவில்லை. அப்பாவுக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும்.

உன் அம்மா