பேர் வெட்டிய பேட்

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆபீஸ் முடிந்ததும் ஜெயஷீலா என்னைத் துறைமுகச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பழைய உப்புக் கிடங்கில் பேடல் என்று டென்னிஸ் மாதிரி ஓர் ஆட்டத்துக்குக் களம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கூண்டு, நடுவில் வலை, உள்ளே நாலு பேர். பந்து சுவரில் மோதித் திரும்பி வந்தாலும் அடிக்கலாம். தவறவிட்ட பிறகும் திரும்பி வருகிற பந்தை இப்போதுதான் பார்க்கிறேன். முப்பத்தெட்டு வயதில் இப்படிக் கத்திக்கொண்டு ஓடுவேன் என்று யார் கண்டது! மாதக் கடைசியில் ஆபீஸ்களுக்குள் பெண்கள் இரட்டையர் போட்டியாம். "நாம ரெண்டு பேரும் ஜோடி" என்றாள். சரி என்றேன். பேட் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தனியாகப் போயிருக்கணும். வீட்டுக்காரரை, அதுவும் பாத்திரக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு பேட் வாங்கப் போனேன் பார், என் புத்தியைச் சொல்லணும்.

கடைப் பெண் ஒழுங்காகத்தான் சொன்னாள்: "புதுசா பழகுதவங்க வட்டமா, லேசா, மெத்துன்னு உள்ளதா எடுங்கக்கா. கைக்கு நோவாது."

இவர் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். குத்துவிளக்கா வாங்குகிறோம்? கடைசியில் ஆணியே அடிக்கலாம் போல ஒன்றை எடுத்தார். தலைப்பக்கம் ஒரே கனம், பந்து படுகிற முகம் கல்.

"அது நல்லா ஆடுதவங்களுக்கு, அண்ணாச்சி."

"கனம் இருந்தாத்தாம்மா ஆயுசுக்கு வரும். லேசா உள்ளது நெளிஞ்சிரும்."

ஷூ மட்டும் என் இஷ்டம். அடியில் மீன்முள் மாதிரி வரி உள்ளது; களத்தில் தூவியிருக்கிற மணலில் வழுக்காதாம். அதையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன்? கல்யாணமான நாளிலிருந்து இவர் எனக்கென்று வாங்கித் தந்ததில் அடுப்பில் ஏற்ற முடியாத முதல் பொருள் இது. அதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடையில் கொடுத்து மாற்றிவிடலாம் என்று காலையில் முடிவு செய்தேன். சாயங்காலம் பார்த்தால் பேட்டில் பேர் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்! பாத்திரத்தில் வெட்டுகிற அதே மெஷினால், புள்ளி புள்ளியாக: "சி. அருணாசலவடிவு." கீழே, "அன்பளிப்பு: சிவபாலன்."

இனி எந்தக் கடைக்காரன் திருப்பி எடுப்பான்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜெயஷீலா: "ஏளா, இது பேட்டா, சீர்வரிசையா?"

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முழங்கை தெறிக்கிறது. பந்து கடந்துபோன பிறகுதான் இந்தப் பேட் வந்து சேர்கிறது.

"வருத்தப்படாத வடிவு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ரம்யாவைச் சேத்துக்கிடுதேன்" என்றாள் ஜெயஷீலா. ரம்யா எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை. குதிரை மாதிரி ஓடுவாள்.

பாத்ரூமில் போய் அழுதேன். இதுக்குப் போயா? ஆமா, இதுக்குத்தான்! எனக்குன்னு இது ஒண்ணுதான இருக்கு. விட மாட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லிவிட்டேன். இவர் சோற்றில் கை வைக்கும் முன்பே.

"நீங்க எடுத்த பேட் எனக்கு ஆகல. கை போச்சு. வேற வாங்கப் போறேன்."

"பேட்ல ஒரு கொறையும் இல்ல. ஒனக்கு அடிக்கத் தெரியல."

"அப்ப நீங்க வந்து அடிங்க."

"வாரேன். எனக்கென்ன பயமா?"

மனிதர் ரசம்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தனியாகப் போய் வாங்கினேன். வட்டம், லேசு, மெத்து. ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் பேர் வெட்டிவிடுவார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கை பரவாயில்லை. பந்தும் பேட்டும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஜெயஷீலா ரம்யா பேச்சையே எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம்! இரண்டாவதில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். கண்ணாடிக்கு வெளியே இவர். பந்து சுவரில் பட்டால் போதும், "அவுட்டு! அவுட்டு!" என்று எங்களுக்கு எதிராகவே கத்தினார். விதி தெரிந்தால்தானே.

எல்லாம் முடிந்து களம் காலியானதும், அந்தப் பேர் வெட்டிய பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஜெயஷீலா பந்து போட்டுக் கொடுத்தாள். விளக்கு அணைக்கும்வரை விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே வீராப்பு.

செப்டம்பர் 2, செவ்வாய்

இரண்டு நாளாக இடது கையால் பல் தேய்க்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்லணும், பாவம்.

இன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "வடிவு, எனக்கும் ஒண்ணு எடுக்கணும். லேசா உள்ளதா. நீயே பாத்து எடு."

"எடுக்கேன். ஆனா நீங்க கடைக்குள்ள வரக்கூடாது. வாசல்லதான் நிக்கணும்."

தட்டை நீட்டி ரசம் கேட்டார். அப்புறம், "நிக்கேன்" என்றார்.