இருநூற்றுப் பதினைந்தா, இருநூற்று ஐம்பதா

பங்குனி 13, வெள்ளி

வெயில். ஒன்பது மணிக்கே மாடியில் கால் வைக்க முடியவில்லை. ஏரியல் கம்பி கட்டியாயிற்று. ஒரு முனை தண்ணீர்த் தொட்டி, மறுமுனை பக்கத்து வீட்டுச் செல்லத்தாயியின் வேம்பு. முப்பதடி உயரம். (வெளியே சொல்வது நாற்பது.) இடுப்பு போயிற்று.

பாக்கி வேலை: பேட்டரி சார்ஜ். நோட்டில் கோடு. தொண்டைக்குப் பனங்கற்கண்டு.

நாளைக் காலை ஐந்தரைக்குப் போட்டி ஆரம்பம், திங்கள் ஐந்தரைக்கு முடிவு. உலகம் முழுக்க அமெச்சூர் ரேடியோக்காரர்கள். ஒருவரையொருவர் கூப்பிட்டு, ‘ஃபைவ் நைன்’ என்று சொல்லி, இது தனக்கு எத்தனையாவது ஆள் என்று அவரவர் வரிசை எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்ட எண்ணை நோட்டில் எழுத வேண்டும். அம்புட்டுதான். எட்டாங்கிளாஸ் படித்த நான் லைசென்ஸ் பரீட்சையை ஒரே மூச்சில் பாஸ் பண்ணினேன். மூன்றாவது மூச்சில். இந்த டைரியை யார் பார்க்கப் போகிறார்கள்.

போன வருடம் நான் பிடித்தது 96 பேர். போட்டிக்காரர்களின் கம்ப்யூட்டர் எல்லார் நோட்டையும் ஒத்துப் பார்த்து 38-ஐ வெட்டியது. அத்தனையும் எண் தப்பு. டீக்கடையில் ‘சூரியனில் புயல்’ என்று சொல்லிவைத்தேன். நம்பினார்கள். சாத்தூர் மாரிச்சாமி மட்டும் நம்பவில்லை. அவனும் ரேடியோக்காரன். “மாப்ள, அந்தப் புயல் சாத்தூருக்கு வரலையே?” என்றான். இந்த வருடம் நூறு என்று அவனிடம் சபதம்.

இந்தத் தடவையும் வெட்டினால் ரேடியோ செட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிடுவது. எனக்கு நானே சொன்னது. பெண்டாட்டி சரசுவுக்குத் தெரியாது.

இடது காதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பங்குனி 14, சனி

ஐந்தரைக்கு முதல் ஆள் ஜப்பான்காரன். என் குரலுக்கு எழுந்து நின்றிருப்பான். ‘ஃபைவ் நைன்’ என்றான். மிகத் தெளிவு என்று அர்த்தம். அவனுக்கு நான் கொசு மாதிரிதான் கேட்டிருப்பேன், ஆனாலும் ஃபைவ் நைன். எல்லாருக்கும் எல்லாரும் அதுவே. உலகமே என்னைப் போலக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறது. எண்ணை மட்டும் கூட்ட முடியாது.

ஏழு மணி. சுவருக்கு அந்தப் பக்கம் செல்லத்தாயி: “யக்கா, அண்ணன் விடிஞ்சதுலருந்து பாப்பா, பாப்பான்னு கத்துறாகளே, யாரு அந்தப் பாப்பா?”

சரசு: “அவ வந்துட்டா நான் நிம்மதியா எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்.”

என் அடையாள எழுத்தில் இரண்டு ‘பி’. ரேடியோவில் அதைப் ‘பாப்பா’ என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை தடவை விளக்குவது.

மதியம் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்தார்கள். ரஷ்யாக்காரன் அது என்ன சத்தம் என்றான். இடி என்றேன். இருபத்திரண்டு வருடம் அந்தச் சாம்பிள்களை வெடித்துப் பார்த்தவன் நான். லட்சம் வெடி. காது வெண்கலம் என்றுதான் எல்லாரிடமும் சொல்வது.

மூன்று மணி. இத்தாலிக்காரன் எண்: இருநூற்றுப் பதினைந்தா, இருநூற்று ஐம்பதா? இங்கிலீஷில் இரண்டும் ஒரே மாதிரி. மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை கேட்க வெட்கம். ஐம்பது என்று போட்டேன். இப்படி இன்று ஏழு பேர். ஓரத்தில் புள்ளி.

மொத்தம் 31. தலைவலி. ஆறு மணிக்கே செட்டை அணைத்துப் படுத்தேன்.

பங்குனி 15, ஞாயிறு

சரசுவுக்கு லீவு. ஹெட்போன் முழுக்க வியர்வை. கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவள் அடுப்படி வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பல்கேரியாக்காரன் எண் சொன்னான். 330 என்று எழுதப் போனேன்.

“முப்பது இல்ல, பதிமூணு. த்ரீ தர்ட்டீன்கான்.”

பேக்கிங் செக்‌ஷனில் தினமும் சூப்பர்வைசர் இங்கிலீஷில் கத்தக் கத்தப் பெட்டிக்கு நம்பர் ஒட்டுகிறவள். அது எனக்கு நினைவே இல்லை.

“எனக்கு இங்கன கேக்குது, பக்கத்துல இருக்க உங்களுக்குக் கேக்கலையாக்கும்?”

“ஸ்பீக்கர் சரியில்ல.”

“ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு.”

வெங்காயத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு மணியிலிருந்து நான் பேச, அவள் எண் சொல்ல. மைக்கைக் கொடுக்க முடியாது, லைசென்ஸ் எனக்குத்தான். இடையில் கரண்ட் போயிற்று. பேட்டரியில் ஓட்டினோம். கண் எரிச்சல், வெங்காயமா தூக்கமா தெரியவில்லை.

ஒரு ஆள் கரகரத்தான். நானே ஒரு எண்ணைப் போடப் போனேன். கையில் தட்டினாள்.

“மறுக்கக் கேளுங்க. குத்துமதிப்பா எழுதாதீக.”

“நாலு தடவை கேட்டாச்சு. அசிங்கமா இருக்கும்ல.”

“அவன் என்ன நம்ம சம்பந்தியா, அசிங்கப்பட?”

கேட்டேன். சொன்னான். கோபமே இல்லை.

இன்று 52. மாலையில் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டாள். விரலெல்லாம் வெங்காயத் தோல்.

பங்குனி 16, திங்கள்

ஐந்தரைக்கு முடிந்தது. மொத்தம் 83. நோட்டை அனுப்புவதற்கு முன் புள்ளி வைத்த ஏழு வரியையும் அடித்துவிட்டேன். இத்தாலிக்காரன்தான் கஷ்டமாக இருந்தது. 76. அனுப்பியாயிற்று. இதில் எதையும் வெட்டட்டும், பார்க்கிறேன்.

மாரிச்சாமி போன். “நூறு தாண்டியாச்சா?”

“எழுபத்தாறு.”

மறுபடி சொல்லச் சொன்னான். அப்புறம், “மாப்ள, உடம்பு எதும் சரியில்லையா?”

வாசலில் செல்லத்தாயி: “அண்ணன் ஜெயிச்சுட்டாகளாக்கா?”

சரசு, தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே: “நூத்தம்பது நாடு பேசியிருக்காக. அமெரிக்காக்காரன் இவுக லைன் கெடைக்காம அழுதுட்டான்.”

நான் திருத்தவில்லை.

டீ கொண்டுவந்தாள். அடுப்படி என் கட்டிலுக்கு இடப்பக்கம். கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்று, “வேன் வந்துரும், குடிங்க” என்றாள். டம்ளரை வாங்கும்போதுதான் உறைத்தது. நேற்று உட்கார்ந்ததும் வலப்பக்கம். பஸ்ஸில் வலப்பக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் வலப்பக்கம்.

“எம்புட்டு வருசமாத் தெரியும்?” என்று கேட்டேன். எது என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் வேன் ஹாரன். படியிறங்கிக்கொண்டே என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை.

எழுந்து வாசலுக்குப் போய், வேனில் இருந்த அத்தனை பொம்பளைகளும் பார்க்க, மறுபடி கேட்டேன்.

“ஆறு” என்றாள்.

ஆறு. எழுதியாயிற்று.