காற்று பிடித்த பச்சைத் துணி

கடலில் எங்கோ இருக்கும் என் அன்பு அப்பாவுக்கு,

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுவைதீவில், நம் கரையிலேயே, நான் ஒரு படம் எடுக்கிறேன். நீங்கள் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பி வராத அந்த நாள்தான் கதை. உங்கள் வேடம் அண்ணாவுக்கு.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதித்தான் திட்டமிட்டேன். கடற்படை அனுமதி, ஆட்களை ஏற்றிவரப் படகு, வெயில் சாயும் நேரம், பத்துப் பேருக்குச் சோறு. புயலை மட்டும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நண்பன் கணினியில் செய்வான். அண்ணாவுக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டிப் படம்பிடித்துக் கொடுத்தால், பச்சை தெரியும் இடமெல்லாம் அவன் அலையை வைத்துவிடுவான்.

இன்று ஒத்திகை. இடுப்பளவு தண்ணீரில் நீங்கள் அன்று விட்டுப்போன உங்கள் பழைய வள்ளத்தை நங்கூரமிட்டு, அதிலேயே இரண்டு கம்பு நிறுத்தி, துணியை இழுத்துக் கட்டினோம். படத்துக்காக எஞ்சினையும் கழற்றிவிட்டோம். சோளகக் காற்று வீசுகிற மாதம் என்று உங்கள் மகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கண்ணுக்கு அது வெறும் பச்சைத் துணியாகத்தான் இருந்தது. காற்று அதைப் பாயாக எடுத்துக்கொண்டது.

நங்கூரம் இழுபட்டு, அண்ணாவோடு வள்ளம் காரைநகர்ப் பக்கம் போகத் தொடங்கியது. நான் கரையில் கமராவைப் பிடித்தபடி நின்றேன். இவரும் போய்விட்டார் என்றே நினைத்தேன். அண்ணா கத்தியால் கயிறுகளை அறுத்துத் துணியைக் கடலில் தள்ளிவிட்டு, கோல் ஊன்றிக் கரை சேர்ந்தார்.

"பாயும் கட்டி, எஞ்சினையும் கழட்டியிருக்கிறாய். நீ அப்பாவின்ர பிள்ளைதானோ?" என்று சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

தேத்தண்ணியோடு வந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஏசவில்லை.

"கடலையே பொய்யாச் செய்யிற ஆக்கள், என்ர பிள்ளையை ஏன் மெய்யான கடலில விடுறியள்?"

நான் கமராவை மூடி வைத்தேன்.

கடைசி அலை எவ்வளவு உயரம் வரவேண்டும் என்று நண்பன் தொலைபேசியில் கேட்கிறான். எவ்வளவு வந்தது, அப்பா? அதைத் திரையில் அம்மா பார்க்கும்போது நான் எங்கே நிற்பேன்? பயமாக இருக்கிறது.

நாளை வள்ளம் மணலை விட்டு இறங்காது. கீழே டயர் வைத்து நாங்களே ஆட்டுவோம். நான் வாளியால் ஊற்றும் தண்ணீரில் மட்டும்தான் அண்ணா நனைவார். வேலை முடிந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவரை அம்மாவிடம் விடுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

கரையில் நிற்கும்
உங்கள் சின்ன மகள்