சிமெண்டு மூடையும் இவரும்

ஐப்பசி, புதன்கிழமை. பரளச்சி.

இடுப்பு உடைந்து நடக்க முடியாத என் வீட்டுக்காரருக்காகக் குளியலறையோடு ஓர் அறை சேர்த்துக் கட்டுகிறோம். வழி திறக்க இன்று பழைய சுவரை இடித்ததால் பீரோ, கட்டில் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. இவரும் நாற்காலியில் வேப்பமரத்தடியில் இருந்தார்.

எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. நான் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு சிமெண்டு மூடைகளை மூட ஓடினேன்.

"டீச்சர், சிமெண்ட விடுங்க! சாரப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார் எதிர்வீட்டு முருகேசன். அவரும் அவர் மனைவியும் இவரை நாற்காலியோடு தங்கள் வீட்டுக்குள் தூக்கிப் போனார்கள். பிறகு கட்டிலையும் கொண்டுபோனார்கள்.

தீப்பிடித்தால் முதலில் எதைக் காப்பாற்றுவாய் என்று வகுப்பில் கேட்பேன். பிள்ளைகள் எல்லாரும் அம்மாவை என்பார்கள். எனக்கு இன்று சிமெண்டுதான் தோன்றியது. கூச்சத்தோடு இவர் தலையைத் துவட்டினேன்.

"பக்கத்துல இருந்திருந்தா என்னையும் மூடையோட சேத்து மூடியிருப்பா, முருகேசா" என்றார் இவர்.

முருகேசன் சிரித்தார். இவரும் சிரித்தார். கீழே விழுந்த நாளிலிருந்து இந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

இப்போது இவர் முருகேசன் வீட்டில், எங்கள் கட்டிலில் அயர்ந்து தூங்குகிறார். முருகேசன் முந்தாநாள்தான் கொத்தமல்லி விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தாராம். பீரோ தெருவில் நனைகிறது. நனைந்தால் நனையட்டும், விடியும்வரை பெய்யட்டும்.